நஞ்சின் எடையும் நஞ்சின் நிலையும்

“அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு” என்பது நம் முன்னோர் வாக்கு. நஞ்சைப் பற்றிய அறிவுக்கு அதுவே முதற்படி. எந்தப் பொருளாயினும் ‘எவ்வளவு’ என்று கேட்ட பிறகே அது தீங்கு செய்யுமா செய்யாதா என்று தீர்ப்புக் கூற இயலும். செம்பும் துத்தநாகமும் சிறு அளவில் மனித உடலுக்கும் பயிருக்கும் இன்றியமையாதவை. அவையே மிகுந்துவிட்டால் ஆற்று மீனைக் கொல்லும்; வயற்பயிரை வாட்டும்.

ஆயினும் முதற்படியோடு நின்றுவிடுவது அறிவாகாது. நீரிலும் மண்ணிலும் ஓர் உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று எடைபோட்டுவிட்டால் மட்டும், அது உயிருக்கு என்ன செய்யும் என்று முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது. இந்த உண்மையை உலகம் சென்ற நூறாண்டுகளில் மெல்ல மெல்லக் கற்றது. அதற்குரிய விலையைக் கொடுத்தவர்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தவர்கள் அல்லர். ஆற்று நீரைக் குடித்து, அதன் கரையில் விளைந்த நெல்லை உண்டவர்களே கொடுத்தார்கள்.

இரண்டு இடங்களை ஒப்பிட்டால் இது விளங்கும். ஒன்று, ஜப்பானின் தொயாமா மாநிலத்தில் ஜின்சூ ஆற்றங்கரையிலுள்ள நெல்வயல்கள். மற்றொன்று, இங்கிலாந்தின் சாமர்செட் வட்டாரத்திலுள்ள ஷிப்பம் என்னும் சிற்றூர். இரண்டிடத்தும் சுரங்கத்தின் எச்சமாகக் காட்மியம் என்னும் உலோகம் மண்ணிலே படிந்தது. ஜின்சூக் கரை வயல்களில் அது ஒரு கிலோ மண்ணுக்குச் சில மில்லிகிராம் அளவே. ஷிப்பம் தோட்டங்களிலோ 100 மில்லிகிராமை ஒட்டிய மண் சாதாரணம். சில இடங்களில் 300 மில்லிகிராமுக்கும் மேல். எடைக்கல்லை மட்டும் நம்புகிறவர் ஷிப்பம் மக்களே பெருந்துன்பம் அடைந்திருப்பர் என்பார். நடந்ததோ அதற்கு நேர்மாறு. ஜின்சூக் கரையில் பெண்களின் எலும்புகள் முறிந்தன. ஷிப்பத்தில் மக்கள் வழக்கம்போல் வாழ்ந்தனர்.

இது ஏன் இவ்வாறு ஆயிற்று? இக்கேள்விக்கு விடை காணும் முயற்சி ஜப்பானுக்கு முன்பே, வேறொரு நாட்டு ஆற்றில், மீன்களைக் கொண்டு தொடங்கிவிட்டது.

வேல்ஸ் நாட்டு ஆறுகள்

பிரிட்டனின் மேற்கிலுள்ள வேல்ஸ் நாட்டில், கார்டிகன்ஷயர் மலைகளிலிருந்து ரைடோல், இஸ்ட்வித் என்னும் ஆறுகள் ஓடிவந்து கடலில் கலக்கின்றன. அம்மலைகளில் ஈயமும் துத்தநாகமும் நெடுங்காலம் வெட்டி எடுக்கப்பட்டன. சுரங்கங்கள் செழித்த நாளில் ஆறுகள் மீனற்றுப் போயின. தாதுவைக் கழுவிய அழுக்கு நீர் ஆற்றில் விழுந்ததே காரணம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் அந்த அழுக்கில் கொன்றது எது? கலங்கி வரும் கல்தூளா? நீரில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் வரும் உலோக உப்பா?

1920களில் அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்த கேத்லீன் கார்பென்டர் என்னும் பெண்மணி இதற்கு விடை தேடினார். நன்னீர் உயிர்களின் வாழ்க்கையை அந்நாட்டில் முறையாக ஆராய்ந்த முன்னோடிகளுள் அவர் ஒருவர். கரைந்திருக்கும் உலோக உப்பே மீனைக் கொல்கிறது என்று அவர் காட்டினார். உப்பு மீனின் செவுளிலுள்ள வழவழப்பான சளியோடு சேர்ந்து படலமாகி மூச்சை அடைக்கிறது என்பது அவர் கருத்து. 1924, 1927 ஆகிய ஆண்டுகளில் இவ்வாராய்ச்சிகள் வெளிவந்தன.

செவுள் அடைபட்டு மூச்சு முட்டுவது நஞ்சு மிக மிகுந்த நிலையில்தான் என்று பிற்காலத்தார் கண்டனர். ஆயினும் கார்பென்டர் நிறுத்திய இரண்டு தூண்கள் அசையவில்லை. முதலாவது, கரைந்த உலோகமும் கரையாத உலோகமும் உயிருக்கு ஒன்றல்ல. இரண்டாவது, மீனைப் பொறுத்தவரை செவுளே நஞ்சு வந்து தாக்கும் வாசல்.

சுண்ணாம்பின் காவல்

அதே அபெரிஸ்ட்வித்தில் எரிக்சன் ஜோன்ஸ் என்பவர் 1938இல் மற்றொரு செய்தியை வெளியிட்டார். ஸ்டிக்கில்பேக் என்னும் முள்மீன்களை அவர் ஈய உப்பும் துத்தநாக உப்பும் கலந்த நீரில் விட்டார். மீன்கள் மாண்டன. அதே அளவு உப்புள்ள நீரில் கால்சியத்தையும் சேர்த்துப் பார்த்தார். நஞ்சின் வேகம் தணிந்தது.

சுண்ணாம்புச் சத்து மிகுந்த நீரைக் கடின நீர் என்கிறோம். அது குறைந்த நீரை மென்னீர் என்கிறோம். சோப்பு நுரைப்பதில் மட்டுமே இவ்வேறுபாட்டை நாம் உணர்கிறோம். மீனுக்கோ இது உயிர்ப் பிரச்சினை. கார்டிகன்ஷயர் ஆறுகள் மென்னீர் ஆறுகள். அங்கே ஆற்றை மீனற்றதாக்கிய அதே அளவு ஈயம், சுண்ணாம்புப் பாறை மேல் ஓடிவரும் ஆற்றில் அத்தனை அழிவைச் செய்திராது.

இதன் காரணம் பின்னரே தெளிவாயிற்று. துத்தநாகமும் ஈயமும் காட்மியமும் மீனின் உடலுக்குள் நுழையத் தமக்கெனத் தனி வழி வைத்திருக்கவில்லை. கால்சியம் நுழைவதற்காக மீன் திறந்து வைத்த வாசலிலேயே அவை புகுகின்றன. நீரில் கால்சியம் மிகுந்திருந்தால் வாசலில் நெருக்கடி உண்டாகும். நஞ்சுக்கு இடம் கிடைப்பது அரிதாகும். செம்பு சோடியத்தின் வழியைக் கெடுக்கிறது. எவ்வாறாயினும் மீனின் இரத்தத்தில் இருக்க வேண்டிய உப்புகளின் சமநிலை குலைந்து, அதனாலேயே அது மாள்கிறது.

எனவே ‘எவ்வளவு உலோகம்’ என்ற கேள்வியோடு ‘எத்தகைய நீரில்’ என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. ஆனால் மீன்களைப் பற்றிய இவ்வறிவு ஆராய்ச்சி ஏடுகளுக்குள்ளேயே தங்கியிருந்தது. அந்நேரத்தில் உலகின் மற்றொரு மூலையில், மனிதர்கள் மீன்களின் நிலைக்கு வந்துகொண்டிருந்தனர்.

ஜின்சூ ஆற்றின் கதை

ஜப்பானின் கிபு மாநிலத்து மலைகளில் காமியோகா என்னும் பழஞ்சுரங்கம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது மிட்சுய் நிறுவனத்தின் கைக்கு வந்தது. வெள்ளியும் ஈயமும் துத்தநாகமும் அங்கே எடுக்கப்பட்டன. துத்தநாகத் தாதுவோடு காட்மியம் எப்போதும் ஒட்டிக்கொண்டு வருவது. அக்காலத்தில் அதனைப் பொருட்படுத்துவார் இலர். கழிவோடு கழிவாக அது தக்கஹாரா ஆற்றில் இறங்கி, அங்கிருந்து ஜின்சூ ஆற்றில் சேர்ந்து, கீழேயுள்ள தொயாமா சமவெளியின் வாய்க்கால்களில் பாய்ந்து, நெல்வயல்களில் படிந்தது.

1910களிலிருந்தே அச்சமவெளியில் ஒரு விந்தையான நோய் தலைகாட்டியதாகக் கூறுவர். நடுவயது கடந்த பெண்கள், அதிலும் பல பிள்ளைகளைப் பெற்ற தாய்மார்கள், இடுப்பிலும் கால்களிலும் நோவு என்று படுத்தனர். எலும்பு இளகி வளைந்தது. இருமினாலும் விலா எலும்பு முறியும் நிலை ஏற்பட்டது. நோயாளிகள் ‘இத்தாய், இத்தாய்’ என்று ஓலமிட்டனர். ‘வலிக்கிறதே, வலிக்கிறதே’ என்பது அதன் பொருள். அந்த ஓலமே நோய்க்குப் பெயராயிற்று. 1955இல் ‘இத்தாய் இத்தாய் நோய்’ என்னும் பெயர் பத்திரிகைகளில் வெளிவந்தது.

ஊட்டமின்மை என்றனர் சிலர்; கடும் உழைப்பின் விளைவு என்றனர் வேறு சிலர். போர் முடிந்து 1946இல் ஊர் திரும்பிய நொபொரு ஹாகினோ என்னும் உள்ளூர் மருத்துவர் இவ்விளக்கங்களை ஏற்கவில்லை. நோயாளிகளின் வீடுகளை அவர் வரைபடத்தில் குறித்துப் பார்த்தார். அவ்வீடுகள் எல்லாம் ஜின்சூ ஆற்று நீர் பாயும் நிலப்பரப்புக்குள் அடங்கின. 1957இல் சுரங்கக் கழிவே காரணம் என்று அவர் வெளிப்படையாகக் கூறினார். அவரை நம்பியவர்கள் சிலரே.

கினிச்சி யோஷியோகா என்னும் வேளாண்மை ஆராய்ச்சியாளரும், ஒகயாமா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜுன் கோபயாஷி என்னும் நீர் இரசாயன நிபுணரும் அவருக்குத் துணைநின்றனர். நீரையும் நெல்லையும் நோயாளிகளின் உடற்பகுதிகளையும் சோதித்ததில் காட்மியம் மிகுதியாகக் காணப்பட்டது. 1961இல் ஹாகினோவும் யோஷியோகாவும் காட்மியமே காரணம் என்று அறிவித்தனர். காட்மியம் சிறுநீரகத்தில் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்து அதனைப் பழுதாக்குகிறது. பழுதான சிறுநீரகம் எலும்புக்கு வேண்டிய சத்துக்களைத் தக்கவைக்க மாட்டாமல் வெளியேற விட்டுவிடுகிறது.

1968 மே மாதம் ஜப்பானிய சுகாதார அமைச்சு இதனைச் சுற்றுப்புறக் கேட்டினால் விளைந்த நோய் என்று ஏற்றுக்கொண்டது. அந்நாட்டில் அவ்வாறு அரசாங்கம் ஏற்ற முதல் நோய் இதுவே. அதே ஆண்டில் நோயாளிகளும் அவர்தம் குடும்பத்தாரும் தொடுத்த வழக்கில் 1971 ஜூன் மாதம் அவர்கள் பக்கம் தீர்ப்பாயிற்று. 1972இல் நிறுவனத்தின் மேல்முறையீடும் தள்ளப்பட்டது. அரசாங்கம் இந்நோயாளிகள் என்று பதிவு செய்துள்ளோர் தொகை சுமார் 200. பதிவுக்கு முன்பே மாண்டவர்கள் இக்கணக்கில் வாரார்.

நெல்மணியை அளந்த சட்டம்

1970இல் ஜப்பான் வேளாண் நிலங்களின் மாசைத் தடுக்க ஒரு சட்டம் இயற்றியது. அதில் ஒரு கூறு கவனிக்கத்தக்கது. காட்மியத்துக்கு மண்ணில் இவ்வளவு என்று எல்லை வகுக்கப்படவில்லை. உமி நீக்கிய அரிசியில் ஒரு கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்பதே எல்லை. செம்புக்கு மண்ணைத்தான் அளந்தனர். அதிலும் மண்ணிலுள்ள செம்பு முழுவதையும் அளக்காமல், மென்மையான அமிலத்தில் கரைந்து வரும் பகுதியை மட்டும் அளந்து, ஒரு கிலோவுக்கு 125 மில்லிகிராம் என்று எல்லையிட்டனர்.

மண்ணில் உறங்கும் உலோகம் வேறு, பயிருக்கு எட்டும் உலோகம் வேறு என்பதைச் சட்டம் வகுத்தவர்கள் அன்றே உணர்ந்திருந்தனர் என்பதற்கு இதுவே சான்று. ஆனால் நெல்மணியை அளப்பதில் ஒரு குறையும் உண்டு. விளைந்த பிறகே அளக்க முடியும். இந்த நிலத்தில் விதைக்கலாமா என்று கேட்கும் உழவனுக்கு, விதைத்து அறுத்துப் பார்த்தபின் சொல்கிறேன் என்பது விடையாகாது. வேண்டியது முன்னறிவு.

ஷிப்பம் தந்த வியப்பு

இந்நிலையில் 1979இல் ஷிப்பத்தின் செய்தி வெளியாயிற்று. இங்கிலாந்து முழுவதும் ஓடை மணலைச் சோதித்துத் தயாரித்த இரசாயன வரைபடம் அவ்வட்டாரத்தைச் சுட்டிக்காட்ட, மண்ணைத் தோண்டிப் பார்த்தவர்கள் திகைத்தனர். பித்தளை செய்யத் தேவைப்பட்ட துத்தநாகக் கல்லை அவ்வூரார் சில நூற்றாண்டுகளுக்கு முன் வெட்டி எடுத்திருந்தனர். அந்தப் பழைய குழிகளின்மேல் இன்று வீடுகளும் தோட்டங்களும் இருந்தன. சாதாரண மண்ணில் ஒரு கிலோவுக்கு 1 மில்லிகிராமும் தேறாத காட்மியம் இங்கே அதன் நூறு மடங்குக்கு மேல் இருந்தது.

ஜின்சூவின் நினைவு பசுமையாக இருந்த காலம் அது. மக்களின் இரத்தமும் சிறுநீரும் சோதிக்கப்பட்டன. தோட்டத்துக் காய்கறிகள் அளக்கப்பட்டன. பழைய இறப்புப் பதிவுகள் புரட்டப்பட்டன. சோதனைகளில் சிறு வேறுபாடுகள் தென்பட்டன. ஆனால் காட்மிய நோய் என்று சொல்லத்தக்க எதுவும் தெளிவாகக் காணப்படவில்லை. கீரைகளில் காட்மியம் மிகுந்துதான் இருந்தது. ஆயினும் மண்ணில் மிகுந்த விகிதத்தில் அது செடியில் மிகவில்லை.

காரணங்கள் பல கூடிவந்தன. ஷிப்பம் மண்ணில் சுண்ணாம்பு மிகுதி. புளிப்பற்ற அம்மண்ணில் காட்மியம் எளிதில் கரையாது. கூடவே துத்தநாகமும் ஏராளம். செடியின் வேரில் இவ்விரண்டும் ஒரே வாசலுக்குப் போட்டியிடுவன. மேலும் ஊரார் தம் தோட்டத்தை மட்டும் நம்பி உண்டவர்கள் அல்லர். உணவில் பெரும்பகுதி கடையிலிருந்து வந்தது.

வயல் நீரின் வேலை

ஜின்சூவில் இவை யாவும் மறுதலையாக இருந்தன. அங்கே முதல் உணவு அரிசி. அவ்வரிசி அவ்வயலிலேயே விளைந்தது. நெல்வயலை அறிந்தவர்க்கு இதன் அடுத்த பகுதி எளிதில் விளங்கும்.

வயலில் நீர் நிற்கும்போது மண்ணுக்குள் காற்றுப் புகாது. காற்றில்லா மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் அங்குள்ள கந்தகச் சத்தைச் சல்பைடாக மாற்றுகின்றன. காட்மியம் அச்சல்பைடோடு சேர்ந்து கரையாப் பொருளாகிவிடும். அந்நிலையில் வேர் அதனைத் தொட முடியாது. அறுவடைக்கு முன் வயலை வடியவிட்டால் நிலைமை மாறுகிறது. மண் வெடித்துக் காற்றுப் புகும், சல்பைடு சிதையும், மண் புளிப்பேறும், காட்மியம் கரைந்து வெளிப்படும். கதிர் பால்பிடித்து முற்றும் வேளையும் அதுவே. மணி திரளும் நேரத்தில் நஞ்சும் திரள்கிறது.

ஒரே வயல், ஒரே மண், ஒரே எடைக் காட்மியம். நீரை நிறுத்தினால் ஒரு விளைவு; வடித்தால் வேறொரு விளைவு.

உண்டவரின் உடலும் இதில் ஒரு பங்கு வகித்தது. உடலில் இரும்புச் சத்துக் குறைந்தால் குடல் காட்மியத்தை மிகுதியாக ஏற்கும். அரிசியையே பெரிதும் நம்பி வாழ்ந்து, பிள்ளை பெற்றுப் பெற்று இரும்பையும் சுண்ணாம்பையும் இழந்த தாய்மார்களே முதலில் வீழ்ந்ததில் வியப்பில்லை. நஞ்சு மண்ணிலிருந்து வேருக்கும், வேரிலிருந்து மணிக்கும், மணியிலிருந்து குடலுக்கும் செல்லும் வழியில் வாசல்கள் பல. ஜின்சூவில் அத்தனை வாசல்களும் திறந்திருந்தன. ஷிப்பத்தில் பெரும்பாலும் சாத்தியிருந்தன.

தனித்துத் திரியும் அயனி

மண்ணில் கண்ட இவ்வேற்றுமையை நீரில் எண்ணிட்டுச் சொல்ல முடியுமா என்று முயன்றவர்கள் அமெரிக்காவில் இருந்தனர். 1976இல் சண்டா, கில்லார்டு என்னும் இருவர் கடல்நீரில் மிதந்து வாழும் நுண்பாசிகளைக் கொண்டு ஒரு சோதனையை வெளியிட்டனர். செம்பை நீரில் இட்டு, அதனைப் பற்றிக்கொள்ளும் வேறொரு பொருளையும் வெவ்வேறு அளவில் சேர்த்தனர். நீரிலுள்ள மொத்தச் செம்பைக் கொண்டு பாசியின் கதியைச் சொல்ல முடியவில்லை. எதனோடும் பிணையாமல் தனித்துத் திரியும் செம்பு அயனியின் அளவைக் கணக்கிட்டபோது, பாசியின் வளர்ச்சி அக்கணக்கைத் தவறாமல் பின்பற்றியது.

ஒரு துறைமுகத்தை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். கடலில் நூறு கப்பல்கள் இருக்கலாம். அவற்றுள் பல நங்கூரமிட்டுத் தொலைவில் நிற்கும். சில வேறு கப்பல்களோடு பிணைந்திருக்கும். துறையை நோக்கி வருபவை சிலவே. துறையில் எவ்வளவு சரக்கு இறங்கும் என்று அறிய விரும்புகிறவன் கடலிலுள்ள கப்பல்களையெல்லாம் எண்ணிப் பயனில்லை. வரக்கூடிய கப்பல்கள் எத்தனை, துறையில் காலியிடம் எத்தனை, அவ்விடத்துக்குப் போட்டியிடுவோர் எத்தனை பேர் என்று கேட்க வேண்டும்.

செவுளின் கணக்கு

1983இல் மொன்டானாவைச் சேர்ந்த பேகன்காப் என்பவர் இதே முறையில் மீனின் செவுளையே துறையாக வைத்துக் கணக்கெழுதினார். கார்பென்டர் சுட்டிய வாசலும் ஜோன்ஸ் கண்ட கால்சியக் காவலும் இக்கணக்கில் ஒன்றுசேர்ந்தன. உலோக அயனி வந்து அமரும் இடங்கள் செவுளில் உள்ளன. கால்சியமும், நீரின் புளிப்புக்குக் காரணமான ஹைட்ரஜன் அயனியும் அவ்விடங்களுக்குப் போட்டியிடுகின்றன. இலை தழை மக்கி நீருக்குத் தேநீர் நிறம் தரும் கரிமப் பொருளோ, உலோகத்தை நடுவழியிலேயே பற்றி நிறுத்திவிடுகிறது.

1993இல் கனடா நாட்டில் பிளேல் என்பவரும் துணைவர்களும் சிறு மீன்களின் செவுளில் செம்பும் காட்மியமும் எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகின்றன என்பதை அளந்து எண்ணாக்கினர். இங்கிலாந்தில் எட்வர்டு டிப்பிங் என்பவர், மக்கிய கரிமப் பொருள் உலோகத்தை எவ்வளவு பற்றும் என்பதற்குக் கணக்கு வகுத்திருந்தார். இவற்றையெல்லாம் ஒரே முறையாகக் கோத்து 2001இல் டொமினிக் டி டோரோவும் உடன் ஆராய்ந்தவர்களும் வெளியிட்டனர். ஆங்கிலத்தில் ‘பயாட்டிக் லிகண்ட் மாடல்’ என்று வழங்கும் அதனை உயிர்ப்பிணைப்புக் கணக்கு எனலாம்.

இதன் உயிர்நாடி ஒரு சிறு உண்மையில் இருக்கிறது. நீர் எதுவாயினும், செவுளில் குறிப்பிட்ட அளவு செம்பு ஒட்டிவிட்டால் மீன்களில் பாதி மாளும். அந்த அளவு பெரிதும் மாறுவதில்லை. செவுளில் அவ்வளவு ஒட்டுவதற்கு நீரில் எவ்வளவு செம்பு இருக்க வேண்டும் என்பதே நீருக்கு நீர் மாறுகிறது. ஆகவே ஆற்று நீரின் புளிப்பு, வெப்பம், கால்சியம், மக்னீசியம், சோடியம், கரிமப் பொருள் முதலியவற்றை அளந்து தந்தால், அந்த ஆற்றில் எவ்வளவு செம்பு மீனைக் கொல்லும் என்று மீனைக் கொல்லாமலே சொல்ல முடிகிறது. பெரும்பாலான சோதனைகளில் கணக்குச் சொன்ன அளவும் மீன்கள் உண்மையில் மாண்ட அளவும் இரு மடங்கு வித்தியாசத்துக்குள் அடங்கின. மொத்த எடையை மட்டும் பார்த்தால் நீருக்கு நீர் பன்மடங்கு வேறுபடும் விளைவுகளுக்கு இது பெரிய முன்னேற்றமே.

2002இல் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தார் டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளுக்கு இதே கணக்கை வகுத்தனர். 2006இல் இது மண்ணுக்கும் வந்தது. வாற்கோதுமையின் வேர் நீளுவதைச் செம்பும் நிக்கலும் எவ்வளவு தடுக்கும் என்று கணிக்கப்பட்டது. செவுளின் இடத்தில் வேர் நின்றது.

சட்டம் ஏற்ற கணக்கு

சட்டமும் மெல்லப் பின்தொடர்ந்தது. அமெரிக்கச் சுற்றுப்புறப் பாதுகாப்பு அமைப்பு 1980இல் பல உலோகங்களுக்கு நீரின் கடினத்தைக் கொண்டு எல்லை வகுத்தது. அது ஜோன்ஸின் கண்டுபிடிப்புச் சட்டமான காலம் எனலாம். ஆனால் கடினத்தை மட்டும் பார்த்தது கரிமப் பொருளையும் புளிப்பையும் விட்டுவிட்டது. 2007இல் அதே அமைப்பு நன்னீரில் செம்புக்கான அளவை உயிர்ப்பிணைப்புக் கணக்கின்படி வகுத்தது. 2013இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் உள்நாட்டு நீர்நிலைகளுக்கு நிக்கல் லிட்டருக்கு 4 மைக்ரோகிராம், ஈயம் 1.2 மைக்ரோகிராம் என்று ஆண்டுச் சராசரி எல்லை அறிவித்தபோது, இவை உயிருக்கு எட்டக்கூடிய பங்கின் அளவுகள் என்று சட்டத்திலேயே எழுதிவைத்தது.

ஜின்சூக் கரையில் பணி வேறு வகையில் நடந்தது. 1979 முதல் 2012 வரை சுமார் 860 ஹெக்டேர் வயல் புதுமண் இட்டுச் சீர்செய்யப்பட்டது. வழக்கில் வென்ற மக்கள் பணத்தோடு அமையவில்லை. ஆண்டுதோறும் நிபுணர்களுடன் சுரங்கத்துக்குள் சென்று பார்வையிடும் உரிமையையும் ஒப்பந்தமாகப் பெற்றனர். ஆற்றில் காட்மியம் இயற்கையான அளவுக்கு இறங்கியது. அரிசியின் எல்லையை ஜப்பான் 2011இல் கிலோவுக்கு 0.4 மில்லிகிராமாகக் குறைத்தது. 2012இல் காட்மியத்தை மிகக் குறைவாகவே ஏற்கும் நெல்வகையை அந்நாட்டார் உருவாக்கியதும் வெளியாயிற்று. மாங்கனீசு நுழையும் வேர்வாசல் வழியாகவே காட்மியமும் நுழைகிறது என்று கண்டு, அவ்வாசல் பழுதான பயிரைத் தேர்ந்தெடுத்ததன் பயன் அது.

கணக்கின் எல்லை

இத்தனையும் கற்ற பிறகு, உலோகத்தின் நிலையை அறிந்துவிட்டோம், இனி எடையைப் பற்றிக் கவலையில்லை என்று எவரேனும் கருதினால் அது பெரும்பிழை.

செவுளின் கணக்கு நீர்வழி வரும் நஞ்சைத்தான் சொல்லும். இரையோடு உள்ளே போவதை அது சொல்லாது. நுண்ணுயிர்களால் மெத்தில் பாதரசமாக மாறி மீனுக்கு மீன் ஏறிச்செல்லும் பாதரசத்துக்கு அக்கணக்குப் போதாது. பல உலோகங்கள் சேர்ந்து வரும்போதும், நஞ்சு சிறிது சிறிதாக நெடுநாள் சேரும்போதும் கணிப்புக் கடினமாகிறது.

இதனினும் பெரிது ஒன்றுண்டு. உலோகம் மக்குவதில்லை; எரிந்து ஒழிவதில்லை. மண் அதனைப் பூட்டி வைக்கலாம். பூட்டின் திறவுகோல் மண்ணின் புளிப்பிலும் நீரின் வரத்திலும் இருக்கிறது. சுண்ணாம்பு கரைந்து போனால், வயல் வறண்டால், உரத்தால் மண் புளிப்பேறினால் பூட்டுத் திறக்கும். ஒரு பூட்டைச் சாத்தும்போது மற்றொன்று திறப்பதும் உண்டு. காட்மியத்தை அடக்க நெல்வயலில் இடைவிடாது நீரை நிறுத்தினால், அம்மண்ணிலுள்ள ஆர்சனிக் கரைந்து வெளிவருகிறது. ஒன்றுக்குக் காவலான நீர் மற்றொன்றுக்கு வழிவிடுகிறது.

ஆகவே, ‘இங்கே உலோகம் மிகுதிதான், ஆனால் உயிருக்கு எட்டாது’ என்று ஒரு நிறுவனமோ அரசாங்கமோ சொல்லும்போது, ‘இன்றைய மண்ணிலா, நாளைய மண்ணிலுமா’ என்று மக்கள் கேட்க வேண்டும். கணிப்பு முறை எச்சரிக்கைக்காக ஏற்பட்டது. கழிவைக் கொட்டுவதற்கு அனுமதிச் சீட்டாக ஏற்பட்டதன்று.

பழைய முறையில் நஞ்சை அறிவிக்கும் கருவியாக உயிரே பயன்பட்டது. ரைடோல் ஆற்றில் மீன்கள் சாட்சி கூறின; ஜின்சூக் கரையில் தாய்மார்களின் எலும்புகள் சாட்சி கூறின. சாட்சி கேட்ட பிறகு தீர்ப்பு வந்தது. தீர்ப்பு வந்தபோது சாட்சிகளில் பலர் உயிரோடு இல்லை. நீரின் புளிப்பையும் சுண்ணாம்பையும் அளந்து நஞ்சின் போக்கை முன்கூட்டிச் சொல்லும் அறிவு எவ்வளவு குறையுடையதாயினும், அவ்வரிசை மாறவேண்டும் என்பதற்காகவே பிறந்தது. அளவு என்ன என்று நம் முன்னோர் கேட்டனர். எந்த நீரில், எந்த மண்ணில், எவருடைய உடலில் என்று நாம் சேர்த்துக் கேட்கக் கற்றிருக்கிறோம். ஆற்றங்கரையில் சுரங்கமோ ஆலையோ எழும்பும் முன்பே இக்கேள்விகள் எழுமானால், ஜின்சூக் கரையின் தாய்மார்கள் பட்ட துன்பம் பிறர்க்குக் காவலாக நிற்கும்.